மயிலைத் தின்னவன் அரிசி

ஒரே ஒரு ஊர்ல, எந்த ஊருன்னு கேக்கப்படாது, பனை நெறஞ்ச செம்மண்ணுக் காட்டுக்குள்ள ஒரு ஊருன்னு வச்சுக்கோங்க, அந்த ஊர்ல வியாகுலம்னு ஒருத்தி இருந்தா. வியாகுல மாதான்னு சொல்லுவோம்லா, அந்த மாதா பேருதான். பேருதான் வியாகுலமே தவிர ஆளு அழுமூஞ்சி கிடையாது. வாயைத் தொறந்தா பொரி பொரியும். அவ புருசன் இன்னாசி, பனையேறி, அவன் நேர் எதிரு. யாராவது திட்டினா "பரவாயில்ல"ம்பான், மிதிச்சா "பரவாயில்ல"ம்பான், பனையில இருந்து விழுந்தாக்கூட கீழ கிடந்துக்கிட்டே "பரவாயில்ல"ம்பான். இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கிட்டு ஒருத்தி எப்படி வாயடிக்காம இருப்பா, நீங்களே சொல்லுங்க.

இவங்க பக்கத்து வீட்டுக்காரன் சந்தியாகு. அவனும் பனையேறிதான். இன்னாசியை அண்ணாச்சிம்பான், அண்ணி முறைங்கிறதால வியாகுலத்தை மைனிம்பான். அவ வச்ச குழம்பு மணம் வேலியைத் தாண்டினா போதும், இவன் கிண்ணத்தோட வந்து நிப்பான். அவளும் திட்டிக்கிட்டே ஊத்துவா.

அந்த ஊர்க் கோயில் திருநாளைக்கு அசனம் வைப்பாங்க. அசனம்னா ஊரே ஒண்ணாச் சமைச்சு, ஒண்ணா உக்காந்து திங்கிறது. அதுக்கு ஒரு கட்டு உண்டு, நல்லாக் கேட்டுக்கோங்க. வீட்டுக்கு ஒரு கை அரிசி. இருக்கப்பட்டவனும் ஒரு கை, இல்லாதவனும் ஒரு கை. எல்லா வீட்டு அரிசியும் சேந்த பொறவுதான் அடுப்புல தீ வைக்கணும். ஒரு வீட்டு அரிசி குறைஞ்சாலும் தீ வைக்கப்படாது. யாரையும் விட்டுட்டுத் திங்கக் கூடாதுன்னு பெரியவங்க வச்ச கட்டு அது. நல்ல கட்டுதான். கட்டு நல்லதா இருந்து என்ன செய்ய, அதைக் காப்பாத்துறவனும் நல்லவனா இருக்கணும்லா.

அப்புறம் என்னாச்சு, அந்த நாட்டு ராஜாவுக்குப் பிள்ளை கிடையாது. ஒரு மயிலைப் பிள்ளையா வளத்தாரு. அதுக்குக் காலுக்குத் தண்டை, கழுத்துக்கு முத்துமாலை, தூங்க வெல்வெட்டு மெத்தை. அந்த மயிலு ஒருநாள் மதிலு மேல ஏறிச்சு, ஏறி அந்தப் பக்கம் பறந்துச்சு, பறந்து பனங்காட்டுக்குள்ள வந்து இறங்கிச்சு. அது ஈஸ்டர் நாளு. அதுக்கு முந்தின நாப்பது நாளு தவசுகாலம் முழுக்கக் கறி திங்காம சந்தியாகு நாக்கு செத்துக் கிடந்தான். அவன் கண்ணுல மயிலு பட்டுச்சு. "சேசுவே, உயிர்த்த அன்னைக்கு எனக்கு விருந்து அனுப்பிட்டீரே"ன்னு சொல்லிக்கிட்டே வலையைப் போட்டான். பிடிச்சான், உரிச்சான், தின்னான். சிரிக்காதீங்க, தின்ன பொறவு நடந்ததைக் கேளுங்க.

மறுநாளே ராஜாவோட சேவகருங்க வீடு வீடாத் தேடி வந்துட்டாங்க. சந்தியாகு வீட்டுல ஒரு கூடை மயிலிறகு. பயத்துல என்ன செஞ்சான், அந்த இறகை அள்ளிக்கிட்டுப் போயி இன்னாசி வீட்டுக் கூரை ஓலைக்குள்ள சொருகிட்டான். சேவகன் வந்து, "யாரு வீட்டுலடே மயிலுக்கறி மணத்துச்சு?"ன்னு கேட்டான். சந்தியாகு வாயைத் தொறக்கலே. விரலை மட்டும் நீட்டினான். அந்த ஒத்தை விரலு போதுமாயிருந்துச்சு. கூரையைப் பிச்சாங்க, இறகைப் பாத்தாங்க, இன்னாசியை இழுத்துக்கிட்டுப் போயி ராஜா ஜெயில்ல போட்டுட்டாங்க. போகும்போதும் அவன் பொண்டாட்டியைத் திரும்பிப் பாத்து "பரவாயில்ல"ன்னுதான் சொன்னான்.

அவனுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிட்டான். வியாகுலத்துக்கு இடுப்புல ஒரு கைப்பிள்ளை, தலைக்கு மேல கூரை இல்லே. மழை பெஞ்சா மூலைக்கு மூலை ஒதுங்கணும். பனை ஓலையில பெட்டி முடைஞ்சு வித்துக் கஞ்சி குடிச்சா. கிணத்துக்குத் தண்ணிக்குப் போனா, "திருடன் பொண்டாட்டி வாறா"ன்னு வாளியைத் தூக்கிக்கிட்டு நகந்தாங்க. திருநாளு வந்துச்சு, அவ வீட்டுக்கு அரிசி வாங்க யாரும் வரலே, அவளே ஒரு கை அரிசியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு அசனத்துக்குப் போனா. ஊர்ப்பெரியவரு கையை நீட்டி மறிச்சாரு. "திருட்டு வீட்டு அரிசி சேந்தா சாமிக்கு ஆகாதும்மா"ன்னாரு. கோயில் வாசல்ல ஒரு பூவரச மரம், அதுக்குக் கீழ பிள்ளையோட நின்னா. அவ நிக்கிறதைப் பாத்துக்கிட்டேதான் அடுப்புல தீ வச்சாங்க. அவ வீட்டுக்குப் போயி அந்த அரிசியைப் பொங்கினா, தொண்டையில இறங்கலே. அடுத்த வருசமும் அப்படித்தான், அதுக்கு அடுத்த வருசமும் அப்படித்தான்.

சந்தியாகுக்கு மட்டும் என்ன நல்லாவா இருந்துச்சு? விரலை நீட்டுன அன்னையில இருந்து அவன் தொண்டையில மயிலு உக்காந்துக்கிட்டுது. வாயைத் தொறந்தா "கேயாவ்"னு அகவுது. கஞ்சி குடிக்கப் போனா "கேயாவ்". கொட்டாவி விட்டா "கேயாவ்". இருமல்னு சொல்லிக்கிட்டு எந்நேரமும் துண்டை வாயில அமுக்கிக்கிட்டே அலைஞ்சான். மூணாவது வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை பூசையில, கோயிலே மூச்சுக் காட்டாம முழங்கால்ல நிக்கிற நேரத்துல, துண்டையும் தள்ளிக்கிட்டு ஒரு அகவல் வந்துச்சு பாருங்க, மேல இருந்த புறா எல்லாம் பறந்துட்டுது.

அதுக்கு மேல அவனால தாங்க முடியலே. ஓடிப் போயி, செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லி, சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணினான். அழுதான், அகவல் நிக்கலே. சாமியாரு, "ராஜாகிட்டப் போயிச் சொல்லு"ன்னாரு. போயி ராஜா காலுல விழுந்தான், அகவல் நிக்கலே. இன்னாசியை ஜெயில்ல இருந்து விட்டாங்க, அவன் காலுல விழுந்து "அண்ணாச்சி, என்னை மன்னிச்சிரு"ன்னான். இன்னாசி என்ன சொல்லியிருப்பான்? அதேதான். "பரவாயில்லடே"ன்னு தூக்கி நிறுத்திக் கட்டிப் பிடிச்சான். அப்பவும் அகவல் நிக்கலே. ஏன்னு அவனுக்கே புரியலே. உங்களுக்குப் புரியுதா? புரிஞ்சா வாயை மூடிக்கிட்டு இருங்க, மத்தவன் கேக்கட்டும்.

ராஜா யோசிச்சாரு. "விசாரிக்காம ஒருத்தனை உள்ள போட்டது என் தப்பு. இன்னொரு தடவை நானே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உன் சொத்தெல்லாம் மயிலுக்கு ஈடா எடுத்துக்கிடுதேன். மத்தபடி உன் ஊரு சொல்லட்டும். வாற அசனத்துல உன் அரிசியும் மத்தவங்க அரிசியோட சேந்து பொங்கினா நீ அந்த ஊர்ல இரு. சேரலேன்னா அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் நாட்டை விட்டுப் போயிரணும். திரும்பி வந்தா தலை இருக்காது"ன்னுட்டாரு.

இன்னாசி வீட்டுக்கு வந்தான். வியாகுலம் அழுதா, சிரிச்சா, அவன் முதுகுல நாலு சாத்துச் சாத்தினா, சோறு போட்டா. எல்லாம் முடிஞ்ச பொறவு சொன்னா: "அந்த மயிலு தின்னி அரிசி சேந்த சோத்துல என் அரிசி சேராது. எழுதி வச்சுக்கோங்க."

திருநாளும் வந்துச்சு. காலையிலேயே அவ கோயிலுக்குப் போயி சிலுவையில தொங்குற பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால நின்னா. நின்னு சண்டை போட்டா. "சேசுவே, ஆணி அடிச்சவனையே நீரு மன்னிச்சீரு, நல்லது. நீரு சாமி. நான் பெட்டி முடையுறவ. என்னால முடியலே. முடியலேன்னு உம்ம கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்"ன்னா. சொல்லிட்டு விறுவிறுன்னு வீட்டுக்குப் போயிட்டா.

அந்த ஊர்ல கோயில் மணி அடிக்கிறவன் தொம்மை. கொஞ்சம் மந்தம். நல்லவன், ஆனா மந்தம். வீடு வீடாப் போயி அரிசி வாங்குறது அவன் வேலை. பெரிய ஓலைப்பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு வந்தான். வியாகுலம் தன் கை நெறைய அரிசி அள்ளிப் போட்டா. மூணு வருசம் கழிச்சுப் போடுற அரிசி அது. அவன் போற வழியில பூவரசு மரத்தடியில சந்தியாகு துண்டு முனையில ஒரு கை அரிசியோட நிக்கான். "நீயும் ஒரு வீடுதானடே"ன்னு தொம்மை பெட்டியை இறக்கினான். சந்தியாகு "கேயாவ்"னு ஏதோ சொல்ல வந்தான். அதுக்குள்ள தொம்மை துண்டைப் பிடிச்சு உதறிட்டான். உதறினதும் இல்லாம, "எல்லா வீடும் ஆச்சு, சந்தியாகு வீடும் ஆச்சு"ன்னு கத்திக்கிட்டே அடுப்பாங்கரைக்கு வந்துட்டான்.

அதுக்குள்ள அங்க வந்து ஊரோட உக்காந்திருந்த வியாகுலம் எந்திரிச்சா. "என் அரிசியைத் தனியாப் பொறுக்கி எடுத்துத் தாங்க. அப்புறம் தீ வைங்க"ன்னா.

ஊர்ப்பெரியவரு ஓடி வந்தாரு. "எம்மா, ஒரு கைக்கு ரெண்டு கையா அள்ளித் தாறேன், வாங்கிக்கோ"ன்னாரு. "அது யாரு அரிசியோ? எனக்கு என் அரிசிதான் வேணும்"ன்னா.

சாமியாரு வந்தாரு. "மகளே, மன்னிக்கணும்னு நான் எத்தனை தடவை பிரசங்கம் வச்சிருக்கேன்"ன்னாரு. "வச்சீங்க சாமி. நான் பூவரசு மரத்தடியில நின்ன மூணு வருசமும் வச்சீங்க. அப்போ யாருக்கு வச்சீங்க?"ன்னு கேட்டா. சாமியாரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நல்ல மனுசன், அதான் குனிஞ்சாரு.

இன்னாசி வந்தான். "ஏட்டி, ஜெயில்ல கிடந்தவன் நான். நானே மன்னிச்சுட்டேன்லா"ன்னான். "உங்க ஜெயிலுக்கு நீங்க மன்னிச்சீங்க. என் மூணு வருசத்துக்கு மன்னிக்க நீங்க யாரு?"ன்னா. அவனுக்கு வாயில "பரவாயில்ல" வந்துச்சு, நல்லவேளை முழுங்கிட்டான்.

அப்புறம் வேற வழி? பாயை விரிச்சு அரிசியைக் கொட்டினாங்க. வியாகுலம் உக்காந்து பொறுக்க ஆரம்பிச்சா. வெயிலு ஏறுது. பிள்ளைங்க பசியில சிணுங்குது. வெட்டி வச்ச கத்திரிக்காய் கருக்குது. எல்லாரும் அவளைப் பாக்காங்க, எல்லாருக்கும் அவ மேலதான் எரிச்சலு. மயிலைத் தின்னவன் மேல இல்லே, இவ மேல. ஊரு அப்படித்தான்.

தொம்மை அவளுக்கு எதிர்த்தாப்புல உக்காந்து தானும் பொறுக்கினான். "மைனி, உங்க அரிசிக்கு என்ன அடையாளம்?"னான். "நான் உரல்ல இடிச்சது. தவிடு போகாம செவப்பா இருக்கும்"ன்னா. தொம்மை தேடினான், செவப்பு அரிசியா எடுத்து எடுத்து வச்சான். வச்சுப் பாத்தா ரெண்டு கை அளவு சேந்துட்டுது. "மைனி, நீங்க ஒரு கைதான போட்டீங்க? ஆங், இப்ப ஞாபகம் வருது, சந்தியாகு துண்டுலயும் இதே அரிசிதான் இருந்துச்சு"ன்னான்.

வியாகுலம் மெதுவாத் திரும்பிப் புருசனைப் பாத்தா. இன்னாசி பிடரியைச் சொறிஞ்சான். "இல்லட்டி, அவன் வீட்டையே ராஜா எடுத்துக்கிட்டாரு. ஒரு கை அரிசிக்கும் வழியில்லாம நின்னான். அதான் நம்ம பானையில இருந்து..."

அவ்வளவுதான். அவளுக்குள்ள மூணு வருசமாக் கிடந்தது மொத்தமும் வெளிய வந்துட்டுது. "என்கிட்டக் கேக்காம என் அரிசியைக் குடுத்தீங்க. என்கிட்டக் கேக்காம மன்னிப்பையும் குடுத்துட்டீங்க. ராஜா தீர்ப்புச் சொல்லுதாரு, சாமியாரு பிரசங்கம் வைக்காரு, ஊரே வந்து மன்னி மன்னிங்குது. அந்தப் பய ராஜா காலுல விழுந்தான், சாமியாரு காலுல விழுந்தான், உங்க காலுல விழுந்தான். கூரை இல்லாம மழையில பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னவ நான். என்கிட்ட ஒருத்தனாவது வந்து கேட்டானா? அவன் வந்து கேட்டானா?"ன்னு கேட்டுட்டு ஓன்னு அழுதா. அந்த மூணு வருசத்துல ஊருக்கு முன்னால அழாதவ, அன்னைக்கு அழுதா.

வீட்டு ஆம்பளைகிட்டக் கேட்டாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க. பாதிக்கப்பட்டது யாருன்னு யோசிச்சா ஆளு தெரிஞ்சிருக்கும். அவ்வளவு பெரிய ராஜாவுக்கே தோணலே.

மரத்தடியில நின்ன சந்தியாகு காதுலயும் இது விழுந்துச்சு. அவன் உள்ள வந்தான். கூட்டம் வழிவிட்டுது. வந்து பாய்க்கு இந்தப் பக்கம் மண்ணுல முழங்கால் போட்டான். "மைனி"ன்னு வாயைத் தொறந்தான், "கேயாவ்"னு வந்துச்சு. ஒரு பிள்ளை சிரிச்சுது, அதோட அம்மா வாயைப் பொத்தினா.

"சொல்லு. முழுசாச் சொல்லு"ன்னா வியாகுலம்.

"மயிலை நான் தின்னேன் மைனி. கேயாவ். இறகை நான்தான் உங்க கூரையில சொருகினேன். நீங்க உள்ள பிள்ளைக்குப் பாலு குடுத்துக்கிட்டு இருந்தீங்க. 'யாரு, சந்தியாகா? குழம்பு இருக்கு, கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வா'ன்னு குரலு குடுத்தீங்க. அதைக் கேட்டுக்கிட்டேதான் சொருகினேன்." இப்ப அகவல் கொஞ்சம் சன்னமாச்சு. "சேவகன்கிட்ட விரலை நீட்டினேன். நீங்க மரத்தடியில நின்னப்போ நான் இந்தப் பந்தியில உக்காந்து சோறு தின்னேன். பயம் மைனி. எனக்கு உங்க முகத்தைப் பாக்க எல்லாரையும் விடப் பயம். ராஜாவைக் கூடப் பாத்துட்டேன், உங்களைப் பாக்க முடியலே. அதான் வரலே. என்னை மன்னிச்சிருங்க."

சொல்லி முடிச்சான். இருமினான். வெறும் இருமல். தொண்டையைத் தடவிப் பாத்தான், மயிலைக் காணோம். அவனுக்கே நம்ப முடியலே.

அவ குனிஞ்சு அரிசியைப் பொறுக்கிக்கிட்டே இருந்தா. அவளை அவசரப்படுத்தவும் யாருக்கும் துணிச்சலு இல்லே. சந்தியாகு எந்திரிச்சான். "எனக்கு இது போதும் மைனி. நீங்க மன்னிக்கலேன்னாலும் நியாயம்தான். உங்க மூணு வருசத்தைக் கெடுத்தேன், இந்தத் திருநாளையாவது கெடுக்காமப் போறேன். அந்த ரெண்டு கை செவப்பு அரிசியும் உங்களுது. என்னுதுன்னு அதுல ஒண்ணுமில்லே. எடுத்துக்கிட்டுத் தீ வைங்க"ன்னு சொல்லிட்டு வாசலைப் பாத்து நடந்தான்.

நடந்து போறவன் மரத்தடிக்குப் போனதும் ஒரு நிமிசம் நின்னான். அவ அதைப் பாத்தா. அந்த இடத்துல நின்னா காலு எப்படிச் சுடும், அடுப்புப் புகை எப்படி மூக்குக்கு வரும், உள்ள சிரிக்கிற சிரிப்பு எப்படிக் காதுல விழும், எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த ஊர்லயே அவ ஒருத்திக்குத்தான் தெரியும். கோவம் இருக்கு, நல்லாவே இருக்கு. ஆனா அந்த இடத்துல இன்னொரு உசுரு நிக்கிறதை அவளால பாக்க முடியலே.

"ஏல சந்தியாகு, நில்லு"ன்னா.

நின்னான்.

"மன்னிச்சேன். இன்னைக்கு மன்னிச்சேன். நாளைக்கு முழிச்சதும் எனக்குத் திரும்பக் கோவம் வரும், என்னை எனக்குத் தெரியும். வந்தா நாளைக்கும் மன்னிக்கேன். சேசு துணையிருந்தா அதுக்கு மறுநாளும் மன்னிக்கேன். என்னால ஆவுறது அவ்வளவுதான். ஆனா என் கூரையை நீதான் ஓலை போட்டு மேயணும். ஒரு சொட்டு ஒழுகப்படாது"ன்னா.

சந்தியாகு அந்த இடத்துலயே உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான். இன்னாசி போயி அவன் தோளைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தான். வியாகுலத்துக்கு நெஞ்சுல இருந்து என்னமோ இறங்கின மாதிரி இருந்துச்சு. நல்லா மூச்சு விட முடிஞ்சுது. மூணு வருசமா மூச்சு விட்டுக்கிட்டுதான் இருந்தா, ஆனா இப்பதான் விட்ட மாதிரி இருந்துச்சு.

அதோட முடிஞ்சுதா? இல்லே. அவ ஊரைப் பாத்துத் திரும்பினா. "ஒரு வீட்டு அரிசி குறைஞ்சாலும் தீ வைக்கப்படாதுன்னு கட்டு. மூணு வருசம் என் அரிசி இல்லாமத் தீ வச்சது யாரு? அவனாவது பயத்துல செஞ்சான்"ன்னா.

ஊர்ப்பெரியவரு துண்டைத் தோளுல இருந்து இறக்கி இடுப்புல கட்டினாரு. "நான்தாம்மா உன்னை மறிச்சேன். தப்புத்தான்"ன்னாரு. வாளியைத் தூக்கிக்கிட்டு நகந்தவளுக ஒவ்வொருத்தியா வந்தாளுக. ஒருத்தி கையைப் பிடிச்சா, ஒருத்தி முந்தானையால கண்ணைத் தொடைச்சா, ஒருத்தி வந்தவ ஒண்ணும் சொல்லத் தெரியாமப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. சாமியாரும் வந்தாரு. "அன்னைக்கே நான் வந்து உன் பக்கத்துல நின்னிருக்கணும் மகளே"ன்னாரு. "எல்லாரும் இப்படி அழுதுக்கிட்டு இருந்தா சோறு எப்ப வேகும்?"ன்னு தொம்மை கேட்டான். அப்பத்தான் எல்லாருக்கும் பசியே ஞாபகத்துக்கு வந்துச்சு.

பாயில கிடந்த அரிசியை ஒண்ணா அள்ளினாங்க. எது யாருதுன்னு யாரும் பாக்கலே. கழுவி, அண்டாவுல போட்டு, தீயை வியாகுலம் கையால வைக்கச் சொன்னாங்க. வச்சா. வெந்த சோறு கொஞ்சம் குழைஞ்சுதான் போச்சு, அவசரத்துல ஆளுக்காளு தண்ணி ஊத்திட்டாங்க. கருத்த கத்திரிக்காயில குழம்பு. ஒருத்தரும் குறை சொல்லலே.

பந்தியில எல்லாரும் உக்காந்தாங்க. வியாகுலம் சோத்துச் சட்டியை எடுத்துக்கிட்டு வந்தா, மொதல் கரண்டியைச் சந்தியாகு இலையில போட்டா. அவன் இலையைப் பாத்தான், அவளைப் பாத்தான், திரும்பக் கண்ணீரு பொலபொலன்னு சோத்துல விழுது.

"ஏல, அழுதுக்கிட்டே தின்னா விக்கும். தின்னுட்டு அழு"ன்னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி போட்டா.

அதனால பிள்ளைகளா, யாருக்குத் தப்புச் செஞ்சீங்களோ அவங்க வாசல்ல போயி மன்னிப்புக் கேளுங்க, ஊரைச் சுத்திக் கேட்டுக்கிட்டு அலையாதீங்க. உங்ககிட்ட வந்து கேட்டா, நெஞ்சு வலிச்சாலும் குடுங்க. அவங்க தின்னு முடிச்சு இலையை மடிச்சாங்க, நானும் கதையை மடிச்சுட்டேன். தூங்குங்க.